பிள்ளையின் தலையில் ஒரு கை



சென்ற இதழில் நுண்கடன் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுக் கணக்குக் கொப்பிகளோடு என்னைத் தேடி வந்த அம்மாமார் பலர். இந்த மாதம் கொப்பியில் எழுத முடியாத ஒரு கணக்கைப் பற்றிக் கதைப்போம்.

புதுக்குடியிருப்புப் பக்கத்தில் ஒரு தங்கச்சி இருக்கிறா. இரண்டு வயதில் ஒரு மகள். கணவர் மேசன் வேலைக்குப் போகிறவர், குடியில்லை, நல்ல மனிதர். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எந்தக் குறையும் தெரியாத வீடு. கோழிக்கூடு உதவித்திட்டம் தொடர்பாகப் போயிருந்தபோது, மற்றவர்கள் எழுந்து போகும்வரை காத்திருந்து அவ என்னிடம் கேட்டா:

"அக்கா, நான் அவவுக்கு நேரத்துக்குச் சாப்பாடு குடுக்கிறன். கிளினிக் ஒண்டும் தவறவிடேல்லை. உடுப்புத் தோய்ச்சு வடிவாப் போட்டுவிடுறன். ஆனா மடியில வைச்சுக் கொஞ்ச எனக்கு வருகுதில்லை. அவ ஓடிவந்து கட்டிப் பிடிச்சாலும் எனக்குக் கை தூக்குதில்லை. என்ர நெஞ்சு என்ன கல்லா அக்கா?"

2009இல் அவ பத்து வயதுப் பிள்ளை. தாய் பதுங்குகுழி வாசலில் செல் விழுந்து இறந்து போனா. பிறகு முகாம், சின்னம்மா வீடு, விடுதி என்று வளர்ந்தவ. அன்று அவவைத் தூக்கி மடியில் வைக்க யாருக்கும் நேரமும் இல்லை, தெம்பும் இல்லை. இப்போது அவவின் மடிக்கு ஒரு பிள்ளை வந்திருக்கிறது. மடியில் வைத்து என்ன செய்வது என்று அவவுக்கு யாரும் காட்டிக் கொடுக்கவில்லை.

ஒட்டுசுட்டான், விசுவமடு, கண்டாவளை, செட்டிகுளம் என்று போகிற இடங்களில் இதே கேள்வியை வேறு வேறு வார்த்தைகளில் கேட்டிருக்கிறேன். "இந்தக் காலத்துப் பெட்டையளுக்குப் பிள்ளையை விடப் போன்தான் பெரிசு" என்று வயதானவர்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. போன் பிறகு வந்தது. போனுக்கு முன்னரே அந்த இடம் வெறுமையாகத்தான் இருந்தது. இன்று எங்கள் முன்பள்ளிகளில் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிற தாய்மாரில் எத்தனையோ பேர், இறுதி யுத்தத்தில் தாங்களே பிள்ளைகளாக இருந்தவர்கள். இதை நாங்கள் மறந்துவிடுகிறோம்.

தாய் என்றால் அன்பு தானாகச் சுரக்கும் என்று சொல்லிச் சொல்லி, சுரக்காத பெண்ணை நாங்கள் குற்றவாளி ஆக்கிவிடுகிறோம். அன்பு உள்ளே இருக்கும். அது கைக்கும் வாய்க்கும் வருவதற்கு ஒரு பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கத்தைத் தாயிடமிருந்தும் அம்மம்மாவிடமிருந்தும் பார்த்துத்தான் பழகுகிறோம். இடையில் ஒருவர் இல்லாமல் போனால் சங்கிலி அறுந்துவிடும். அறுந்த சங்கிலியைத் திரும்பக் கொளுவலாமா? இதை யோசித்தபோது எங்களைப் போலவே நிறைய இழந்த ஒரு மக்களின் வீடுகளைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது. யூத மக்களைத்தான் சொல்கிறேன்.

இதை வாசிக்கும்போது உங்களில் சிலருக்கு முகம் சுளிக்கும். 2023க்குப் பிறகு காசாவில் கொல்லப்பட்ட பிள்ளைகளின் படங்களைப் பார்த்து அழுதவர்கள்தானே நாங்கள். பிள்ளையைத் துணியில் சுற்றி ஏந்திக்கொண்டிருக்கும் தாயைப் பார்க்கும்போது எங்களுக்கு மாத்தளன்தான் ஞாபகம் வருகிறது. ஒரு அரசு செய்வது வேறு, ஒரு மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் வீட்டுக்குள் செய்துவருவது வேறு. நான் எழுதப் போவது வீட்டுக்குள் நடப்பதைப் பற்றி மட்டும்தான்.

யூதர்கள் என்றதும் வேதாகமமும் ஹிட்லரும்தான் எங்களுக்கு நினைவுக்கு வரும். அவர்கள் எங்களுக்கு அவ்வளவு தூரத்து ஆட்களும் அல்ல. கேரளத்தில் கொச்சிக்கு அருகே மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டப்பட்ட அவர்களின் தொழுகை இல்லம் இன்றும் இருக்கிறது. நூற்றாண்டுகளாக அங்கே வாழ்ந்தவர்கள் வீட்டில் பேசியது மலையாளம். கொங்கண் கரையிலும் பம்பாயிலும் வாழ்ந்தவர்கள் பெனே இஸ்ரவேலர். அவர்கள் மராத்தி பேசினார்கள். எண்ணெய்ச் செக்கு அவர்களுடைய தொழில். சனிக்கிழமை செக்கு ஓட்டமாட்டார்கள் என்பதால் ஊரார் அவர்களைச் சனிக்கிழமை எண்ணெய்க்காரர் என்றே கூப்பிட்டார்களாம். ஒரு நல்ல காரியமோ, வருத்தம் மாறியதோ, நேர்த்தி நிறைவேறியதோ, அவலில் தேங்காய்ப்பூவும் சீனியும் ஏலக்காயும் கலந்து, பழங்கள் வைத்து, எலியா தீர்க்கதரிசியை நினைத்துப் படைப்பார்கள். மலிதா என்பது அதன் பெயர். நேர்ந்து பெற்ற பிள்ளைக்குச் சில வருடங்கள் முடி வெட்டாமல் வளர்த்து, பிறகு வெட்டி, அந்த முடியின் நிறைக்குக் காசு கொடுக்கும் வழக்கமும் முன்னர் அவர்களிடம் இருந்திருக்கிறது. வற்றாப்பளை அம்மனுக்கு நேர்ந்து பிள்ளை பெற்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

யூத வீடுகளில் வெள்ளி மாலைதான் வாரத்தின் முக்கியமான நேரம். சூரியன் மறையுமுன் பெண்கள் விளக்கேற்றுவார்கள். பல நாடுகளில் அது மெழுகுவர்த்தி. கொச்சியில் தேங்காய் எண்ணெய் ஊற்றித் தொங்கவிடும் விளக்கு. அதன் பிறகு உலகம் முழுவதும் உள்ள எத்தனையோ யூதக் குடும்பங்களில் ஒரு சின்னக் காரியம் நடக்கும். தகப்பனோ தாயோ, அல்லது இருவருமோ, ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டுத் தலையில் இரண்டு கைகளையும் வைத்து ஆசீர்வதிப்பார்கள். மகளுக்கு சாராள், ரெபேக்காள், ராகேல், லேயாள் என்ற நான்கு தாய்மாரின் பெயர். மகனுக்கு எப்பிராயீம், மனாசே என்ற இரண்டு சகோதரர்களின் பெயர். பிறகு, கடவுள் உன்னைக் காக்கட்டும், உனக்குச் சமாதானம் தரட்டும் என்ற பொருளில் எண்ணாகமத்தில் வரும் ஆசீர்வாதம். எங்கள் வேதக்காரச் சகோதரிகளுக்கு அது பாடமாகவே தெரிந்திருக்கும்.

அந்த இரண்டு சகோதரர்களையும் ஏன் தெரிந்தெடுத்தார்கள் என்பதற்குப் பல விளக்கங்கள் சொல்வார்கள். அவர்கள் சொந்த ஊரில் பிறக்கவில்லை, தகப்பன் அடிமையாக விற்கப்பட்டுப் போன எகிப்தில் பிறந்தவர்கள். அந்நிய மண்ணில் வளர்ந்தும் தங்களை இழக்காத பிள்ளைகள் என்பதால் அவர்களின் பெயர் என்பது ஒரு விளக்கம். எனக்கு அது பிடிக்கும். முகாமில் பிறந்த பிள்ளைகளுக்கு நல்ல பொருத்தமான பெயர்கள்.

முழுக் காரியமும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அந்த வாரம் பிள்ளை குழப்படி செய்திருக்கலாம், தாய்க்குத் தலையிடியாக இருக்கலாம், வீட்டில் காசில்லாமல் இருக்கலாம். கை மட்டும் தலையில் வைக்கப்படும். "எனக்கு இப்ப மனம் இல்லை" என்று யாரும் அதைத் தள்ளிவைப்பதில்லை. வாரம் ஒருமுறை தவறாமல், பிள்ளையின் உச்சந்தலையில் பெற்றவரின் கைச்சூடு படுகிறது.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது எமில் துர்க்கைம் என்ற பெயரைப் பரீட்சைக்காகப் பாடமாக்கினோம். அவர் பிரான்சில் 1858இல் யூத மதகுரு ஒருவரின் மகனாகப் பிறந்தவர். 1912இல் வந்த அவருடைய பெரிய நூலில் சடங்குகளைப் பற்றி ஒரு கருத்து வருகிறது. மனதில் உணர்ச்சி நிரம்பி வழிவதால்தான் மனிதர் சடங்கு செய்கிறார்கள் என்று நாங்கள் நினைக்கிறோம். அவர் சொன்னது, சடங்கைச் செய்வதால்தான் உணர்ச்சி காய்ந்து போகாமல் இருக்கிறது என்று. அப்போது அது எனக்கு வெறும் புத்தக வரி. களத்துக்கு வந்த பிறகுதான் விளங்கியது. துர்க்கைமின் ஒரே மகன் ஆந்த்ரே முதலாம் உலக யுத்தத்தில் 1915இன் இறுதியில் இறந்தான். முதலில் வந்த செய்தி காணாமற்போய்விட்டான் என்பதுதான். பிறகே மரணம் உறுதியானது. அந்தத் தகப்பன் அதிலிருந்து எழும்பவேயில்லை. 1917இல் 59 வயதில் அவரும் போய்ச் சேர்ந்தார். காணாமற்போன பிள்ளை என்ற சொல்லின் பாரத்தை, 2017 பெப்ரவரியில் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் போய் இருந்த அம்மாமாரை விட யாருக்கு அதிகம் தெரியும்? அந்த அம்மாமாருக்குப் பக்கத்தில் பாயில் படுத்திருந்த பேரப்பிள்ளைகளும் என் கண்ணுக்குள் நிற்கிறார்கள். இல்லாத பிள்ளைக்காக இருப்பவர்களின் மடியில், இருக்கிற பிள்ளைக்கும் கொஞ்ச இடம் வேண்டும்.

இனிச் சொல்லப் போவது கொஞ்சம் கனமானது. மனதுக்குத் தாங்காத சகோதரிகள் அடுத்த சில பந்திகளை விட்டுவிட்டுப் பிறகு வாசியுங்கள்.

ஹடாசா பிம்கோ போலந்து நாட்டுப் பெண். பல் வைத்தியர். 1943 ஓகஸ்டில் ஜேர்மன் நாஜிகள் அவரைக் குடும்பத்தோடு ஔஷ்விட்ஸ் முகாமுக்குக் கொண்டு போனார்கள். அவருடைய தாய், தகப்பன், கணவர், ஐந்தரை வயது மகன் பெஞ்சமின் எல்லோரும் போன அன்றே நச்சுவாயுவில் கொல்லப்பட்டார்கள். நாங்கள் இனி உயிரோடு இருப்போமா, சாகப் போகிறோமா என்று அந்தப் பிள்ளை தாயிடம் கேட்டதாம். தாயால் பதில் சொல்ல முடியவில்லை. வைத்தியம் தெரிந்தவர் என்பதால் அவரை மட்டும் கைதிகளின் வைத்தியசாலையில் வேலை செய்ய உயிரோடு வைத்திருந்தார்கள்.

1944 நவம்பரில் அவரைப் பேர்கன்-பெல்சன் என்ற இன்னொரு முகாமுக்கு மாற்றினார்கள். அடுத்த மாதம், கடுங்குளிர் இரவொன்றில், பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட ஒல்லாந்து நாட்டு யூதப் பிள்ளைகள் சுமார் ஐம்பது பேர் வெளியில் விடப்பட்டிருந்தார்கள். ஹடாசாவும் அவரோடிருந்த பெண்களும் அவர்களை உள்ளே எடுத்தார்கள். லூபா திரிஷின்ஸ்கா என்ற தாதியும் அவர்களில் ஒருவர். லூபாவின் மூன்று வயது மகனும் ஔஷ்விட்சில் பறிக்கப்பட்டவன். பிறகு வேறு நாட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து ஏறத்தாழ 150 பிள்ளைகள் ஆனார்கள். பாண் துண்டு, மருந்து, உடுப்பு, விறகு என்று மற்றக் கைதிப் பெண்கள் களவாக எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார்கள். பிடிபட்டால் உயிர் போகும். தைபசுக் காய்ச்சல் ஆயிரக்கணக்கில் ஆட்களைக் கொண்டுபோய்க்கொண்டிருந்த அந்த மாதங்களில், இந்தப் பிள்ளைகளைக் குளிப்பாட்டினார்கள், கதை சொன்னார்கள், பாட்டுப் பாடினார்கள். 1945 ஏப்ரல் 15இல் பிரித்தானியப் படை அந்த முகாமுக்குள் வந்தபோது, புதைக்கப்படாத ஆயிரக்கணக்கான உடல்களுக்கு நடுவே அந்தப் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோர் உயிரோடு இருந்தார்கள்.

அந்தக் குடிலில் இருந்த பெண்களின் மனநிலை எப்படி இருந்திருக்கும் என்று பலநாள் யோசித்திருக்கிறேன். சொந்தப் பிள்ளையைப் பறிகொடுத்த கையால் இன்னொருவரின் பிள்ளைக்குப் பேன் பார்ப்பது. அவர்களுடைய நெஞ்சில் அந்த நேரம் அன்பு பொங்கியிருக்குமா? பொங்காமலே செய்த நாட்களும் இருந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பிள்ளைக்கு அதெல்லாம் தெரியாது. அதற்குத் தெரிந்தது தன்னைத் தொட்ட கை.

யுத்தம் முடிந்ததும் அந்த மக்களுக்குப் போக ஊர் இருக்கவில்லை. தொற்றுநோய்க்குப் பயந்து பழைய முகாம் எரிக்கப்பட்டது. பக்கத்திலிருந்த இராணுவக் கட்டடங்களில் இடம்பெயர்ந்தோர் முகாம் ஒன்று உருவானது. ஜேர்மனி, ஒஸ்திரியா, இத்தாலி நாடுகளில் இப்படியான முகாம்களில் ஏறத்தாழ 250,000 யூதர்கள் வருடக்கணக்கில் இருந்தார்கள். கியூவில் நின்று சாப்பாடு, வரிசை வரிசையான கட்டில்கள், சுவரில் ஒட்டிய தேடுவோர் பட்டியல்கள். மனிக்பாமில் இருந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அந்த இடத்தைக் காணலாம்.

அங்கே பெண்கள் பிள்ளை பெற்றார்கள். 1946, 1947ஆம் ஆண்டுகளில் அந்த முகாம்களின் பிறப்பு வீதம் உலகிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்று. பேர்கன்-பெல்சன் முகாமில் மட்டும் 1950 வரையில் 2,000 பிள்ளைகளுக்கு மேல் பிறந்தார்கள். தனித்துப் போனவர்கள் அவசர அவசரமாகக் கலியாணம் கட்டினார்கள். முள்வேலிக்குள் நடந்த எங்கள் கலியாணங்கள் மாதிரித்தான். ஹடாசாவும் அங்கேயே யோசெப் ரோசென்சாப்ட் என்பவரை மணந்தார். 1948 மே 1ஆம் திகதி, அதே பெல்சனில், அவருக்கு மெனாகெம் என்ற மகன் பிறந்தான்.

அந்த இளம் தாய்மாரில் அநேகருக்குப் பக்கத்தில் தாய் இல்லை. மாமி இல்லை, அக்கா இல்லை. பிள்ளையை எப்படிக் குளிக்க வார்ப்பது, அழுதால் பசியா வயிற்றுக்குத்தா என்று எப்படிக் கண்டுபிடிப்பது, எதுவும் தெரியாது. பதினைந்து பதினாறு வயதில் முகாமுக்குள் போய், இருபதில் வெளியே வந்து, இருபத்தொன்றில் தாயானவர்கள். யூத நலன்புரி அமைப்புகளின் தாதிமார் அவர்களுக்குப் பிள்ளை வளர்ப்புப் பழக்கினார்கள், துணியும் பாலும் கொடுத்தார்கள். மூத்த பெண்கள் சிலர் யாருக்கும் சொந்தமில்லாமலே எல்லோருக்கும் அம்மம்மா ஆனார்கள். தொட்டிலுக்குப் பக்கத்தில் யித்திஷ் மொழித் தாலாட்டு திரும்பக் கேட்டது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். சில தாய்மார் பிள்ளையைக் கண்ணைவிட்டு மறைய விடமாட்டார்கள். தட்டில் ஒரு கவளம் மிஞ்சினாலும் பதறுவார்கள். சிலர் பிள்ளைக்கு எல்லாம் செய்துவிட்டு, சிரிக்க மட்டும் மறந்துபோவார்கள். எங்களிடமும் இரண்டு வகையும் உண்டு. வீதியைத் தாண்டிப் பிள்ளையை விளையாட விடாத அம்மாவும் உண்டு, நான் மேலே சொன்ன தங்கச்சியும் உண்டு. ஒரே காயம், இரண்டு முகம்.

பெயர் வைப்பதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் வழக்கப்படி, இறந்துபோன உறவினரின் பெயரைத்தான் பிள்ளைக்கு வைப்பார்கள். எங்களுக்கும் அது புதிதல்ல, பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததுதான். அந்த முகாம்களில் பிறந்த பிள்ளைகள் பலருக்கு ஒரு இறந்தவரின் பெயர் இருந்தது. சிலருக்கு இரண்டு மூன்று பேரின் பெயர். அந்தப் பிள்ளைகள் வளர்ந்த பிறகு அவர்களோடு வேலை செய்த டீனா வார்டி என்ற இஸ்ரேலிய உளவளச் சிகிச்சையாளர் 1990இல் ஒரு நூல் எழுதினார். அவர்களை அவர் நினைவு மெழுகுவர்த்திகள் என்று அழைத்தார். இறந்தவர்களுக்காக ஏற்றி வைத்த விளக்காகத் தாங்கள் வளர்க்கப்பட்டதாக அந்தப் பிள்ளைகள் உணர்ந்திருக்கிறார்கள்.

வன்னியிலும் 2009க்குப் பிறகு பிறந்த எத்தனையோ பிள்ளைகள் மாமாவின் பெயரை, அண்ணாவின் பெயரைச் சுமக்கிறார்கள். பெயர் வைப்பதில் பிழையில்லை. நானும் வைத்திருப்பேன். ஆனால் "உன்ர அண்ணா எண்டா இப்பிடிக் குழப்படி செய்யமாட்டான்" என்று சின்னவனிடம் சொல்கிற அம்மாவிடம், தயவுசெய்து அதை மட்டும் சொல்லாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். இறந்த பிள்ளை இனிக் குழப்படி செய்யப் போவதில்லை. அதோடு போட்டி போட்டு ஐந்து வயதுப் பிள்ளையால் வெல்ல முடியாது. அண்ணாவின் படத்துக்குப் பூ வையுங்கள், மே 18இல் விளக்கேற்றுங்கள், அழுங்கள். அழுது முடித்து முகம் கழுவிவிட்டுச் சின்னவனை அவனுடைய பெயருக்காகவே ஒருதரம் கூப்பிடுங்கள்.

சாப்பாடும் சுத்தமும் போதாதா, கொஞ்சுவது ஆடம்பரம் அல்லவா என்று சில அப்பாமார் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். வியன்னாவில் பிறந்து அமெரிக்கா சென்ற யூத வைத்தியர் ரெனே ஸ்பிட்ஸ் 1945, 1946இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. அவர் இரண்டு இடங்களில் குழந்தைகளைக் கவனித்தார். ஒன்று, கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இல்லம். சுத்தம், சாப்பாடு, வைத்தியம் எல்லாம் திறம். ஆனால் ஒரு தாதிக்கு எட்டுப் பிள்ளைகளுக்குமேல், தூக்கி வைத்திருக்க நேரமில்லை. மற்றது, பெண்கள் சிறைச்சாலையோடு சேர்ந்த குழந்தைகள் பகுதி. அங்கே கைதித் தாய்மாரே தங்கள் பிள்ளைகளைக் கவனித்தார்கள். இரண்டு வருடத்தில் முதலாவது இடத்தில் 91 குழந்தைகளில் 34 பேர் இறந்துபோனார்கள். சிறைக் குழந்தைகளில் ஒருவரும் இறக்கவில்லை. சிறையில் இருந்த தாயின் மடி, தாயில்லாத சுத்தமான கட்டிலை வென்றுவிட்டது. ஆகவே அப்பாமாரே, இது ஆடம்பரம் அல்ல.

கொச்சிக்கு ஒருதரம் திரும்பிப் போகிறேன். அங்கத்தைய யூதப் பெண்களிடம் மலையாளப் பாட்டுகள் நிறைய இருந்தன. கலியாணம், பிறப்பு, பெருநாள் எல்லாவற்றுக்கும் பாட்டு. கையெழுத்துக் கொப்பிகளில் எழுதி வைத்துத் தாயிடமிருந்து மகளுக்குப் போனவை. 1950களில் அந்தச் சமூகத்தின் மிகப் பெரும்பாலானோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். பேரப்பிள்ளைகளின் வாயில் வேறு மொழி வந்தது. பாட்டுகள் கிழவிமாரோடு முடிந்துவிடும் என்ற நிலையில், 1970களிலிருந்து ஆய்வாளர்கள் அந்தக் கொப்பிகளைத் தேடிப் பாட்டுகளை ஒலிப்பதிவு செய்தார்கள். வயதான பெண்கள் திரும்பக் கூடியிருந்து பாடிப் பழகினார்கள். அவர்களுடைய பாட்டுக் கொப்பியாவது கப்பலேறியது. எங்களுடைய கொப்பிகளும் தொட்டில்களும் நந்திக்கடல் கரையோடு போய்விட்டன. எங்களிடம் மிச்சம் இருப்பது ஆச்சிமாரின் தொண்டை மட்டும்தான்.

எங்களிடம் இந்த வழக்கங்கள் இல்லாமல் இருக்கவில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் வீடு கூட்டி, மெழுகி, விளக்கு வைக்கிற நேரத்தில் முகம் கால் கழுவிவிட்டு, அம்மம்மா பிள்ளைகளை வரிசையாகக் கூப்பிட்டு நெற்றியில் திருநீறு பூசி, வாயிலும் ஒரு துளி போட்டுவிடுவா. பூசுகிற சாட்டில் தலையைத் தடவிவிடுவா. வருடப்பிறப்புக்குக் கைவிசேடம் வாங்கக் காலில் விழுந்தால் உச்சந்தலையில் கை வரும். விஜயதசமிக்கு ஏடு தொடக்கும்போது ஐயர் மடியிலோ அப்பா மடியிலோ இருத்திக் கையைப் பிடித்து அரிசியில் எழுதுவிப்பார்கள். பழைய காலத்து ஐரோப்பிய யூதர்கள் பிள்ளைக்கு முதல் எழுத்துப் பழக்கும்போது, பலகையில் எழுத்துகளின்மேல் தேன் பூசி நக்கக் கொடுப்பார்களாம். எழுத்து இனிக்க வேண்டும் என்று. எங்கள் பிள்ளைக்குச் சர்க்கரைப் பொங்கல். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கொட்டிலிலும் தரப்பாளுக்குள்ளும் இருந்த வருடங்களில் விளக்கு வைக்கிற நேரம் என்று ஒன்று இல்லாமல் போனது. பிறகு வீட்டுத்திட்டத்தில் வீடு கிடைத்தது, மின்சாரம் வந்தது. அந்த நேரம் மட்டும் திரும்பி வரவில்லை.

புதுக்குடியிருப்புத் தங்கச்சிக்கு நான் பெரிய அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நேரத்தைக் குறித்துக்கொள்ளச் சொன்னேன். விளக்கு வைக்கிற நேரம் என்று அவ சொன்னா. அந்த நேரத்தில் மகளைக் கூப்பிட்டுத் தலையில் இரண்டு கையையும் வைத்து, பெயர் சொல்லி, "நல்லா இரு குஞ்சு" என்று சொன்னால் போதும். கட்டிப்பிடிக்க வேண்டாம், கொஞ்ச வேண்டாம், பாட வேண்டாம். மனம் வந்தாலும் வராவிட்டாலும் கை வைக்க வேண்டும். முதல் கிழமை நாடகம் நடிப்பதுபோல் இருந்தது என்றா. மூன்றாம் கிழமை அவ மறந்துபோய் அடுப்படியில் நின்றிருக்கிறா. பிள்ளை தானே வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றதாம். இதைச் சொல்லும்போது அவ சிரித்தா. அவவுக்குச் சிரிப்பு வடிவு என்று அன்றுதான் கண்டேன்.

இது எல்லோருக்கும் போதும் என்று சொல்லமாட்டேன். நித்திரை இல்லை, சாப்பாடு இறங்குதில்லை, பிள்ளையைப் பார்க்கவே பயமாக இருக்கிறது, செத்துப் போகலாம்போல் இருக்கிறது என்றால் அது மனதுக்கு வந்த வருத்தம். காய்ச்சலுக்குப் போவதுபோல் அதற்கும் வைத்தியரிடம் போக வேண்டும். உங்கள் குடும்பநல உத்தியோகத்தர், நாங்கள் மிட்வைப் அம்மா என்கிறோமே, அவவிடம் முதலில் சொல்லுங்கள். மாவட்ட வைத்தியசாலைகளில் உளநலப் பிரிவு உண்டு. 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்தும் கதைக்கலாம். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஆடைத்தொழிற்சாலைக்கு விடிய பஸ் ஏறி இருட்டிய பிறகு வருகிற தாய்மார், "எங்களுக்கு விளக்கு வைக்கிற நேரம் எங்க அக்கா?" என்று கேட்பீர்கள். நேரத்தில் ஒன்றும் இல்லை. பிள்ளை நித்திரை கொள்ளுமுன் இருக்கிற ஒரு நிமிடம் போதும். பகலில் பார்த்துக்கொள்கிற அம்மம்மாவிடமும் அப்பம்மாவிடமும் விளக்கு நேரத்தை ஒப்படையுங்கள். தகப்பன்மார் இருக்கிற வீட்டில் தகப்பனின் கையும் வரட்டும். எங்கள் ஆம்பிளைகள் பிள்ளை பெரிதான பிறகு தொடுவதற்குக் கூச்சப்படுகிறார்கள். யூத வீடுகளில் பாரம்பரியமாக அந்த ஆசீர்வாதம் தகப்பனுடைய வேலை என்று அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

பெல்சனில் யாருக்கும் சொந்தமில்லாத பெண்கள் எல்லோருக்கும் அம்மம்மா ஆனதுபோல எங்கள் ஊர்களிலும் செய்யலாம். பிள்ளைகளை இழந்து தனித்துப் போன ஆச்சிமார் ஒவ்வொரு கிராமத்திலும் இருக்கிறார்கள். தாயில்லாமல் வளர்ந்து தாயான பெட்டைகளும் இருக்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே ஒழுங்கையில் இருந்துகொண்டு ஒருவரை ஒருவர் தெரியாமல் இருக்கிறார்கள். மாதர் சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது, ஒரு ஊரில் உடனே ஏற்றுக்கொண்டார்கள். மாதத்தில் கடைசி வெள்ளிக்கிழமை பின்னேரம் முன்பள்ளி மண்டபத்தில் பாய் விரித்து, ஆச்சிமார் தாலாட்டுச் சொல்லிக் கொடுப்பது, குழந்தைக்கு எண்ணெய் பூசிக் கை கால் நீவிக் காட்டுவது என்று ஒழுங்கு. உங்கள் ஊரிலும் விருப்பம் இருந்தால் சங்கத் தலைவி ஊடாகப் பத்திரிகைக்கு எழுதுங்கள், நான் வருகிறேன். பாட்டுத் தெரிந்த ஆச்சி ஒருவரை மட்டும் இப்போதே கண்டுபிடித்து வையுங்கள். அந்த ஊரில் கண்டுபிடித்த ஆச்சிக்கு எழுபத்தெட்டு வயது. "எனக்கு இப்ப ஆருக்குப் பாடுறது எண்டு தெரியாமல் அரைவாசி மறந்துபோச்சுப் பிள்ளை. ஒரு குழந்தையைக் கொண்டந்து மடியில தாங்கோ, வரும்" என்றா.